கல்யாண மண்டபத்தில் ஒரு சமூகவியல் வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியல் பாடம் எடுக்கிறேன் என்று சொன்னால், "அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் அதிகம் எதிர்கொண்டது கல்யாண வீடுகளில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில். அதனால் பதிலையும் அங்கே கண்ணுக்குத் தெரிவதை வைத்தே சொல்லிப் பழகிவிட்டேன். மாணவர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன.

சமூகவியல் கண்ணோட்டம் என்றால் சுருக்கமாக என்ன?

ஒருவர் வாழ்க்கையில் நடப்பதற்கு அவருடைய குணத்தையும் தலையெழுத்தையும் மட்டும் காரணம் சொல்லாமல், அவர் பிறந்த இடம், காலம், கூட்டம் இவற்றோடு சேர்த்துப் பார்ப்பது. இவரைப் போல இன்னும் யாரெல்லாம், எப்போதிலிருந்து, யாருக்கு இது நடப்பதில்லை என்று மூன்று கேள்விகள் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உதாரணத்துக்கு, முப்பத்தாறு வயதாகியும் பெண் கிடைக்காத ஒருவரை எடுத்துக்கொள்வோம். மண்டபத்தில் அவரைப் பார்த்ததும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஜாதகம் சரியில்லை, ரொம்பத் தேடித் தேடிக் கழித்தார், வீட்டில் அக்கறை இல்லை. அவர் ஒருவர் என்றால் இதெல்லாம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே ஊரில் அதே வயதில் இருபது பேர் நிற்கிறார்கள் என்றால்? இருபது ஜாதகமும் ஒரே நேரத்தில் கெடாது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 948 பெண்கள்தான் இருந்தார்கள். சேலம், தருமபுரி, மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் பெண்சிசுக் கொலை பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே, வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. அன்று கணக்கெடுக்கப்பட்ட குழந்தைகள்தான் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் வரன் தேடுகிறார்கள். அதோடு பெண்கள் அதிகம் படித்துவிட்டார்கள். விவசாயம் பார்க்கும் மாப்பிள்ளை வேண்டாம் என்று பெண் வீட்டார் சொல்கிறார்கள். சொந்தச் சாதிக்குள் மட்டுமே தேடுவதால் இருக்கிற எண்ணிக்கையும் சுருங்குகிறது. இத்தனையும் சேர்ந்து அந்த ஒருவர் தலையில் 'ராசியில்லாதவர்' என்ற பெயராக இறங்குகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் இதே விஷயத்தை வேலையின்மையை வைத்து விளக்கினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், ஆளாளுடைய குணத்தில் விடை தேடிப் பயனில்லை.

மொய் எழுதுவதில் என்ன சமூகவியல் இருக்கிறது? அது வெறும் பணம் கொடுக்கல் வாங்கல்தானே?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் அன்பளிப்பைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். பசிபிக் தீவுகள், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை என்று பல இடத்துச் செய்திகளை ஒப்பிட்டுவிட்டு அவர் சொன்னது: அன்பளிப்பு மனமுவந்து கொடுப்பதுபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கட்டாயங்கள் இருக்கின்றன. கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும். மோஸ் நம் ஊர் மொய் மேசையைப் பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்று வகுப்பில் சொல்வேன். கொஞ்சம் மிகைதான்.

வாசலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணுகிறார், இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். ஊர், பெயர், தொகை. அந்த நோட்டு பீரோவில் பத்திரப் பையோடு சேர்ந்து கிடக்கும். மொய் எழுதியவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர்கள் எழுதியதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதினால் உறவு ஓடிக்கொண்டே இருக்கும். எழுதியதை அப்படியே திருப்பி எழுதினால், 'கணக்கு முடிந்தது' என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடலாம். மொய்யை வட்டியில்லாக் கடன் என்று சொல்பவர்களுக்கு இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. கடன் அடைந்தால் நிம்மதி. மொய் அடைந்தால் உறவு முறிந்தது என்று பொருள்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, மொய்க்காகவே விருந்து வைப்பார்கள். ஆடி மாதம் வந்தால் மொய் விருந்துப் பத்திரிகைகள் பறக்கும். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து போடுவார்கள். வந்த பணத்தில் கடை வைப்பார்கள், ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார்கள். வங்கி எளிதில் கடன் கொடுக்காத இடத்தில், ஒருவரை ஒருவர் தெரியும் என்பதே அடமானமாகிவிடுகிறது.

ஆனால் நோட்டில் யார் பெயர் இல்லை என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆண்களின் பெயர்தான் இருக்கும். அக்கா கொடுத்தாலும் மச்சான் பெயரில்தான் ஏறும். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவர், பிழைப்புக்காக ஊர் மாறிப் போனவர், எழுதக் கையில் காசில்லாதவர், இவர்களெல்லாம் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தில் மேசை போட்டாலும் நிறையாது. உறவு ஒரு சொத்து என்றால், எல்லாச் சொத்தையும் போல அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

இப்போது பத்திரிகையிலேயே க்யூ.ஆர். கோடு அச்சடிக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து நிமிடத்தில் மொய் வந்துவிடுகிறது. நோட்டு போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. போனில் வந்ததையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் சாதிப் பெயரே இல்லையே. சாதி குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாத பழக்கம் தமிழ்நாட்டில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சாதாரண மாற்றம் இல்லை. வேறு பல மாநிலங்களில் பெயரைக் கேட்டதுமே சாதி தெரிந்துவிடும். இங்கே ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் சுவாரசியம். குலதெய்வம் எது, தாத்தா பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மண்டபம் என்று பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறோம். பெயரிலிருந்து சாதி போயிருக்கிறது, மணவறையிலிருந்து போகவில்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் அடையாளம் காட்டினார்: சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது சொந்தக் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்வது. அப்போது அவருக்கு வயது 25. நூறு ஆண்டு கழித்தும் இந்தியாவில் சாதி கடந்த திருமணங்கள் 5 சதவீத அளவில்தான் இருக்கின்றன என்று பெரிய கணக்கெடுப்புகள் சொல்கின்றன. சாதியைப் பற்றி ஒருவர் என்ன பேசுகிறார் என்பதைவிட, அவர் வீட்டுக் கடைசி மூன்று கல்யாணம் எங்கே நடந்தது என்பது எனக்கு அதிகம் சொல்லும்.

என் தம்பி காதலித்துத்தான் கட்டினான். அது அவனுடைய சொந்த முடிவு இல்லையா?

அவனுடைய முடிவுதான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் யாரைச் சந்திக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது? எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த அலுவலகம், எந்த நண்பர் வட்டம்? காதலிலும் படிப்பும் வருமானமும் பேச்சு வழக்கும் பெரும்பாலும் ஒத்துப்போவது தற்செயல் இல்லை.

1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் தற்கொலையை ஆராய்ந்தது இதே காரணத்துக்காகத்தான். அதைவிடத் தனிப்பட்ட செயல் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் ஐரோப்பிய நாடுகளின் கணக்கை அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு நாட்டிலும் விகிதம் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாமல் இருந்தது. கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டண்டுகளிடமும், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடமும் அதிகமாக இருந்தது. ஆட்கள் மாறுகிறார்கள், விகிதம் நிற்கிறது. அதனால் விகிதத்தை விளக்க ஆளை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஆளை மற்றவர்களோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பிணைப்பைப் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய கணக்கில் ஓட்டை உண்டு. எந்த இறப்பை எப்படிப் பதிவு செய்வது என்பதே ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் மாறும் என்று பின்னால் வந்தவர்கள் பிடித்தார்கள். ஆனாலும் கேள்வி கேட்கும் முறை அவரிடமிருந்துதான் வந்தது.

அப்படியானால் யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லையா? எல்லாவற்றுக்கும் சமூகம்தான் காரணமா?

இல்லை. வரதட்சணை கேட்கும் மாமியாருக்கு அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று விளக்குவது வேறு, அவர் கேட்டது சரி என்று சொல்வது வேறு. விளக்கம் சொன்னவுடன், மன்னித்துவிட்டதுபோல நினைத்துச் சிலர் கோபப்படுகிறார்கள். மருத்துவர் நோய்க்குக் காரணம் சொன்னால் அப்படிக் கோபப்படுவதில்லையே.

வரதட்சணை காலங்காலமாக நம்மிடம் இருக்கிற வழக்கம்தானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 'பரிசம் போடுதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது. தென்னிந்தியாவில் பிராமணரல்லாத பல சாதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடப்பில் இருந்தது. வயலில் வேலை செய்யும் ஒரு கையை இழக்கிறார்கள், அதற்கு ஈடு. பணம் போகும் திசை திரும்பியது கடந்த நூறு ஆண்டுக்குள். சடங்கின் பெயர் மட்டும் பழைய திசையிலேயே நிற்கிறது.

ஏன் திரும்பியது? இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் சொன்ன விளக்கம் எனக்கு ஏற்புடையது. ஆங்கிலேயர் ஆட்சியில் பணப் புழக்கம் கூடியது, ஆங்கிலப் படிப்பும் மாதச் சம்பள வேலையும் வந்தன. சம்பளக்கார மாப்பிள்ளைகள் கொஞ்சம் பேர், பெண்ணைப் பெற்றவர்கள் நிறையப் பேர். மாப்பிள்ளைக்கு விலை ஏறியது. மேல்சாதியாரைப் பார்த்து மற்றவர்களும் வயல் வேலையிலிருந்து பெண்களை நிறுத்துவதை கௌரவமாக நினைத்தார்கள், அதோடு வரதட்சணையும் கௌரவமாகிவிட்டது. பெண்ணுக்கே சொந்தமாகக் கொடுத்த பழைய சீதனத்தின் தொடர்ச்சி என்று இதைச் சொல்வதை அவர் ஏற்கவில்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 'கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்ற ஒரு வாக்கியம் அந்தச் சட்டத்தை அறுபது ஆண்டாக ஏமாற்றி வருகிறது. 'அது பெண்ணுடைய பங்குதான்' என்பார்கள் இன்னும் சிலர். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் சட்டமானது. நகை போட்டு அனுப்பிய பிறகு அந்தப் பங்கைக் கேட்ட மகளை அண்ணன் தம்பிகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள், பதில் கிடைத்துவிடும்.

மாமன் மகளைக் கட்டுவது குறைந்துகொண்டே வருகிறதே. படித்ததால்தானே?

படிப்பும், பிள்ளைக்குக் குறை வரும் என்ற மருத்துவப் பயமும் காரணம்தான். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்தியாவிலேயே மிக அதிகமான அளவு இது.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். அதே 2019-21 ஆய்வில் அது இரண்டுக்கும் கீழே, 1.8. அம்மாவுக்கு அண்ணன் தம்பி இருந்தால்தான் மாமன் மகள். அப்பாவுக்கு அக்கா தங்கை இருந்தால்தான் அத்தை மகன். ஒற்றைப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு முறைப்பெண்ணும் இல்லை, முறைமாமனும் இல்லை. யாரும் வேண்டாம் என்று முடிவெடுக்காமலேயே ஒரு வழக்கம் தேய்ந்துவிடும். தாய்மாமன் மடியில் காதுகுத்துவதற்கே ஆள் தேடும் வீடுகள் வந்துவிட்டன.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எண்ணிப் பார்ப்பது ஒரு வழி, கூட இருந்து பார்ப்பது இன்னொரு வழி. மேலே சொன்ன குடும்பநல ஆய்வுக்கு நாடு முழுவதும் 6.36 லட்சம் வீடுகளில் கேட்டார்கள். எத்தனை பேர் என்று அது சொல்லும். ஏன் என்று அவ்வளவாகச் சொல்லாது.

கூட இருந்து பார்த்தவர்களில் சீனிவாஸ் கதை சுவையானது. 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். பல ஆண்டு உழைத்துத் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் கருகிப்போயின. பிறகு நினைவிலிருந்தே ஒரு நூல் எழுதி 1976இல் வெளியிட்டார். அவர் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்படுவதில் ஒன்று அது.

திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களை விடுமுறையில் கிராமங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். (அம்பேத்கர் கட்டுரை வாசித்த அதே ஆண்டு.) இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அதில் ஒன்று. வேறு வேறு ஆய்வாளர்கள் அங்கே மறுபடி மறுபடி போய், 2008 வரை பார்த்திருக்கிறார்கள். ஊரையே கையில் வைத்திருந்த நிலக்கிழார்களின் பிடி எப்படித் தளர்ந்தது என்பதைத் தொண்ணூறு ஆண்டுக் கணக்காக அங்கே படிக்கலாம். ஒருமுறை போய் எடுத்த போட்டோவில் அது தெரியாது.

வெளியாளுக்கு உள்ளூர் விஷயம் எப்படிப் புரியும்?

பாதிதான் புரியும். உள்ளூர்க்காரருக்கும் பாதிதான், ஆனால் வேறு பாதி. வங்காளத்தில் பிறந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் 1961-62இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்று அதற்குப் புனைபெயர் வைத்தார். தங்கியது அக்ரகாரத்தில். அதனாலேயே குடியானவர் தெருவிலும் சேரியிலும் சரளமாகப் பழக முடியவில்லை, அங்கே தன் தகவல் மெலிவு என்று அவரே எழுதிவிட்டார். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம் என்பதை மறைக்காமல் சொல்வதும் இந்த முறையில் ஒரு பகுதி. மண்டபத்தில்கூட மாப்பிள்ளை வீட்டு வரிசையில் உட்கார்ந்தவருக்கு நடந்தது ஒரு கல்யாணம், சமையல்கட்டில் நின்றவருக்கு வேறொரு கல்யாணம்.

அனுபவமே போதாதா? இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1949இல் ஒரு குறும்பு செய்தார். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கச் சிப்பாய்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் என்று சிலவற்றை அடுக்கினார். நகரத்துப் பையன்களைவிடக் கிராமத்துப் பையன்கள் ராணுவத்தில் உற்சாகமாக இருந்தார்கள், தெற்குப் பகுதிக்காரர்கள் வெயிலை நன்றாகத் தாங்கினார்கள் என்ற மாதிரி. 'இதற்கு ஓர் ஆய்வா?' என்று படிப்பவர் சலித்துக்கொள்ளும் நேரத்தில், ஆய்வு கண்டது இவற்றுக்கு நேர் எதிர் என்று முடித்தார். எதிரானதை முதலில் சொல்லியிருந்தாலும் 'தெரிந்ததுதானே' என்றுதான் சொல்லியிருப்போம்.

சமூகவியலும் சமூகப்பணியும் ஒன்றா?

இல்லை. சமூகப்பணி உதவி செய்யப் பயிற்சி தரும் படிப்பு. சமூகவியல் புரிந்துகொள்ள. ஒன்றைப் படித்தவர் மற்றதற்குப் போவது உண்டு.

படிப்பில் சேராமல் நானாக இதைப் பழக முடியுமா?

தாராளமாக. அடுத்த கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். பின்வாசல் பக்கம் நின்று, காய் இறக்குபவர், பரிமாறுபவர், இலை எடுப்பவர் யாரென்று பாருங்கள். பரிமாறும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் பாதிப் பேர் கல்லூரி மாணவர்களாக இருப்பார்கள், முகூர்த்த நாள் சம்பளத்தில் செலவைச் சமாளிப்பவர்கள். அப்புறம் வயதான ஒருவரிடம் அவர் கல்யாணம் எத்தனை நாள் நடந்தது, எங்கே நடந்தது, முந்தைய ராத்திரி காய் நறுக்கியது யார் என்று கேளுங்கள். சொந்தக்காரர்கள் செய்த எத்தனை வேலை இன்று கூலிக்குப் போயிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

பழைய மொய் நோட்டு கிடைத்தால் அதைவிட நல்ல பாடநூல் இல்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டு நோட்டை அம்மா எனக்குக் கொடுத்ததே ஒரு நிபந்தனையோடுதான்: எந்தச் சித்தப்பா எவ்வளவு எழுதினார் என்று வகுப்பில் மூச்சுவிடக் கூடாது.